காப்பு அறுத்த செவ்வாய்க்கிழமை

குருவிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
மடுல்சீமை.
11.02.2024

அன்புத் தங்கச்சி யசோதினிக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம், உன் நலத்துக்கு மாரியம்மனை வேண்டுகிறேன் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் உன்மேல் எனக்கிருக்கிற எரிச்சலில் அப்படி எழுதினால் அந்த ஆத்தாளே நம்ப மாட்டாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனை எடுக்கவில்லை என்று உன்னோடு கடையில் வேலை செய்கிற லரீபாவிடம் சொல்லி அழுதாயாம். அந்தப் பிள்ளை அதை எனக்குச் செய்தியாக அனுப்புகிறது. உனக்கு வகுப்பு எடுக்கிற றஷீதா மிஸ் சொன்னது மறந்துவிட்டதா? "இனிக் கொஞ்சக் காலம் ரெண்டு பேரும் கடிதத்துல பேசுங்க. எழுதிப் போட்டு, பதில் வந்து சேர்றதுக்குள்ள கோவம் பாதி எறங்கிடும்" என்று அவர் சொன்னபோது நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய். ஆட்டிய தலை உன்னுடையதுதானே?

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்றும் நினைத்துப் பார். தைப்பொங்கலன்று பானை பொங்கி வருகிற நேரம் நீ போன் போட்டாய். "நான் இனி இருக்க மாட்டேன், டினுவப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் மச்சான் வேட்டியோடு வேன் தேடி ஓடினார். பதுளையில் உன் அறைக்குள் வந்து பார்த்தால் நீ பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். "என்னாக்கா, சொல்லிட்டு வரக் கூடாதா" என்கிறாய். உன் மச்சான் வெளியே போய் நின்றார். எனக்கு உன்னைக் கட்டிப்பிடிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. எதைச் செய்தாலும் நீ என்ன செய்துகொள்வாயோ என்ற பயம்.

உன் வியாதியின் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. எல்லைநிலை ஆளுமைக் கோளாறாம். கொதிதண்ணீர் பட்ட கையில் காற்றுப் பட்டாலும் எரிகிற மாதிரி உனக்கு மனசு எரியுமாம். விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் நீயே எல்லோரையும் விரட்டுவாயாம். மருந்தைவிடச் செவ்வாய்க்கிழமை வகுப்புத்தான் இதற்கு முக்கியம், பழகப் பழக மாறும், நிறையப் பேர் மாறியிருக்கிறார்கள் என்று மிஸ் சொன்னார். சரி, மாறட்டும்.

விஜேந்திரன் உன்னை விட்டுவிட்டுக் கொழும்பில் வேறு குடும்பமான பிறகு டினுவை என் கையில் கொடுத்தாய். அப்போது அவள் நடக்கவும் பழகவில்லை. இப்போது நாலு வயது முடிந்துவிட்டது. உன் வகுப்பை இந்த வருஷம் முழுக்க ஒழுங்காக முடி. ஜனவரியில் டினு உன்னிடம் வருவாள், பதுளையிலேயே தரம் ஒன்றில் சேர்ப்போம். இது என் வாக்கு.

தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் "போன் இருக்கிற காலத்துல கடுதாசியா லெச்சுமி" என்று கேட்டுச் சிரிக்கிறார். என் தங்கச்சி பெரிய இடம், போனில் பேச மாட்டாள் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா
விஜயலெட்சுமி


பதுளை.
20.02.2024

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது உன்னை அப்படி வெறுத்தேன். இரண்டாம் தடவை அழுதேன். மூன்றாம் தடவை மச்சான் வேட்டியோடு ஓடியதை நினைத்துச் சிரித்தேன். எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இப்படித்தான் நான் ஒவ்வொரு நாளும் இருக்கிறேன். உனக்கு என்னோடு சலிக்கிறது என்றால் எனக்கு எவ்வளவு சலிக்கும் என்று யோசி.

பாணும் சம்பலும் பற்றி ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு நீ அதை எடுக்கக் கூடாது. "பொய்யாடி சொன்ன" என்று அன்றைக்குக் கேட்டாய். பொய் இல்லை அக்கா. போனில் சொன்னபோது அது முழு உண்மை. பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் அங்கே, நான் மட்டும் இங்கே. இனி யாருக்கும் நான் வேண்டாம் என்று உடம்பெல்லாம் நம்பியது. பிறகு லரீபா வந்தாள், முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கச் சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். அது போய்விட்டது. எங்கே போனது என்று எனக்கே தெரியாது. நீங்கள் வந்தபோது எனக்குப் பசித்தது. இதை யாரிடம் சொன்னாலும் நடிப்பு என்கிறார்கள்.

வகுப்பில் எட்டுப் பேர் இருக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லித் தருகிறார்கள். கோபம் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் உடனே செய்யாதே, மூச்சை மெதுவாக விடு, நடந்தது என்ன, நான் நினைத்துக்கொண்டது என்ன என்று பிரித்துப் பார். இவ்வளவுதான். இதையெல்லாம் மற்றவர்கள் தானாகவே செய்கிறார்களாமே. இருபத்தாறு வயதில் எனக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனாலும் கொஞ்சம் பலன் தெரிகிறது. போன வாரம் ஒரு அம்மா எங்கள் சேலைக் கடையில் அடுக்கியிருந்த முழுவதையும் இறக்கிப் பார்த்துவிட்டு ஒரு சேலையும் எடுக்காமல் போனார். முன்பென்றால் அந்தச் சேலைகளோடு என் வேலையும் வெளியே போயிருக்கும். மடித்து வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனால் மடித்து வைத்தேன்.

ஒரு விதி இருக்கிறது, நீயும் தெரிந்துகொள். தொடர்ந்து நாலு வகுப்புக்குப் போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு அடுத்த வருஷம்தான். காரணம் கேட்க மாட்டார்கள். தமிழில் நடக்கிற வகுப்பு இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். டாக்டர் நல்லவர், ஆனால் என் அழுகையைச் சிங்களத்தில் அழ எனக்குத் தெரியாது.

டினு என்ன செய்கிறாள்? என்னைக் கேட்கிறாளா? கேட்கவில்லை என்றால் அதையும் எழுது. இல்லை, எழுதாதே.

யசோ


குருவிமலைத் தோட்டம்.
24.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

டினு கேட்கிறாள், கேட்காமல் என்ன. "அம்மா எப்ப வரும்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விளையாட ஓடுகிறாள். நான் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவுக்கு அவளையும் கூட்டிப் போகிறேன்தானே, அங்கே மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கங்காணி மாதிரி வேலைக்குப் பெரட்டு எடுக்கிறாள். "நீ லேட்டு, ஒனக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ" என்று ஒரு பையனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் உண்மையாகவே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய அம்மாவிடம் நான்தான் பேச்சு வாங்கினேன்.

உன் வகுப்பைப் பற்றி வாசித்தேன். மூச்சு விடுவதற்கு வகுப்பா என்று உன் மச்சான் கேட்டார். நான் அவரைத் திட்டினேன், ஆனால் எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. கோபிக்காதே. இங்கே லயத்து வீடுகளில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. யசோவுக்குக் காத்துக் கறுப்பு அடித்திருக்கிறது, இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி இருப்பாளா என்கிறார்கள். அவர்களுக்கு நான் எந்த மிஸ்ஸைக் காட்டுவது?

இப்போது முக்கியமான விஷயம். போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ பிழைத்து வந்தால் நம் கோயிலில் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பாய் என்று ஆத்தாளிடம் நேர்ந்துகொண்டேன். நேர்ந்தது நான், எடுக்க வேண்டியது நீ. சிரிக்காதே. இந்த வருஷம் ஏப்ரல் இருபத்தேழாம் திகதி சனிக்கிழமை காப்பு, மே முதலாம் திகதி புதன்கிழமை மஞ்சள் நீர். உன் மச்சான்தான் இந்த முறை கோயில் கமிட்டித் தலைவர். தலைவர் வீட்டு நேர்த்திக்கடன் பாக்கி என்று நாலு பேர் சொல்ல விடலாமா?

வகுப்பும் இருக்கட்டும், ஆத்தாளும் இருக்கட்டும். எது குணப்படுத்தினால் என்ன, நீ வந்து சேர்.

அக்கா


பதுளை.
17.04.2024

அக்கா,

வருகிறேன். ஆனால் காப்புக் கட்ட மாட்டேன். காரணம் கேள்.

நான் தொடர்ந்து மூன்று வகுப்புக்குப் போகவில்லை. முதல் தடவை றஷீதா மிஸ் லீவு, வேறு ஒருவர் வந்தார். மிஸ் என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்தது புதுவருஷ வியாபாரம், முதலாளி விடவில்லை. நேற்றைக்குக் கதவு வரைக்கும் போனேன். எந்த முகத்தோடு உள்ளே போவது என்று திரும்பி வந்தேன். என்னை நானே பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. திட்டாதே, நானே போதுமான அளவு திட்டிவிட்டேன்.

இருபத்துமூன்று பௌர்ணமிப் போயா லீவு, வகுப்பு இல்லை. ஆகவே முப்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை நான் அந்த அறைக்குள் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெயர் போய்விடும். பெயர் போனால் வருஷம் போய்விடும். வருஷம் போனால் டினு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் தரம் ஒன்று.

காப்புக் கட்டினால் மஞ்சள் நீர் முடியும்வரை தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அது எனக்கும் தெரியும்தானே. அதனால் சனி, ஞாயிறு வந்து கும்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறுவேன். தீச்சட்டியை அடுத்த வருஷம் எடுக்கிறேன். ஆத்தாள் ஒரு வருஷம் பொறுப்பாள், இந்த வகுப்புப் பொறுக்காது.

யசோ


குருவிமலைத் தோட்டம்.
05.05.2024

யசோதினிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று நான்கு நாள் இருந்தேன்.

ஆமாம், காப்பைக் கட்ட வைத்தது நான்தான். சனிக்கிழமை பூசாரி கூப்பிட்டபோது உன் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். "அக்கா, செவ்வாக்கிழம" என்று என் காதில் சொன்னாய். "ஆத்தா பாத்துக்குவா" என்றேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ தீச்சட்டியோடு படியேறி வந்தபோது உன் முகத்தில் நான் சின்ன வயதில் பார்த்த யசோவைப் பார்த்தேன். பைத்தியம் பிடித்தவள் என்று பேசிய வாய்களே உன் காலில் தண்ணீர் ஊற்றின. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நீ என்ன செய்தாய்? குளித்து, சேலை கட்டி, கோயிலுக்குப் போய், எல்லோரும் பார்க்கக் காப்பை அறுத்து ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாய். நான் பின்னால் ஓடி வந்து "ஏன்டி, ஒனக்கு என்னா ஆச்சு" என்று கேட்டேன். நீ கத்தவில்லை. அழவில்லை. "போய்ட்டு அடுத்த ஞாயித்துக்கெழம, பன்னெண்டாந் தேதி வாறேன்" என்றாய். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பழக்கம். அந்த அமைதியைப் பார்த்துத்தான் எனக்குக் குலை நடுங்கியது. வியாதி முற்றிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பின்னேரம் மழை. தேர் மருந்துச்சாலை வளைவில் சேற்றில் இறங்கிவிட்டது. கரகம் எடுத்து வந்த பெரியாயி அக்கா சறுக்கி விழுந்து கை முறிந்தது. யார் வாயை நான் மூடுவது? தலைவர் வீட்டுப் பெண்ணே காப்பை அறுத்தால் ஆத்தாள் எப்படி வருவாள் என்று கேட்டார்கள். உன் மச்சான் முருகையா, ஒருவரிடமும் தலை குனியாத மனுஷன், கமிட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். டினுவை இப்போது யாரோடும் அனுப்புகிற நிலையில் நாங்கள் இல்லை. ஜனவரி என்று சொன்னதையும் மறந்துவிடு. தன் கையில் கட்டிய காப்பைக் காப்பாற்ற முடியாதவளை நம்பி நான் ஒரு பச்சைப் பிள்ளையை விட முடியாது. முதலில் குணமாகு.

அக்கா


பதுளை.
12.05.2024

விஜயலெட்சுமி அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முப்பதாம் திகதி வகுப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயர் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், வியாதி எந்த இடத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். எழுந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. உங்கள்மேல் கொலைவெறி இருந்தது. பீலியடியில் விழுகிற தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு அது இறங்கும்வரை நின்றேன். பிறகு யோசித்தேன். இருந்தால் மானம் இருக்கும், வகுப்புப் போகும். போனால் வகுப்பு இருக்கும், பேச்சு வாங்குவேன். பேச்சுத் தாங்கலாம் என்று முடிவு செய்தேன். பூசாரியிடம் போய் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார். "ஆத்தா, கோவத்துல செய்யல" என்று சொல்லிவிட்டு நானே அறுத்தேன். டினுவிடம் எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அழாமல், கத்தாமல், யாரையும் மிரட்டாமல் நான் எடுத்த முதல் முடிவு அது.

அதற்கு நீங்கள் வியாதி முற்றிவிட்டது என்று எழுதுகிறீர்கள்.

முன்பு தட்டை உடைத்தேன், வியாதி என்றீர்கள். அது சரி. இப்போது உடைக்கவில்லை, அதுவும் வியாதி. அழுதால் வியாதி, அழாவிட்டால் பெரிய வியாதி. நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தது பக்தி, நான் அந்தக் கையை எடுத்துக்கொண்டது பைத்தியம். உங்களுக்குப் பிடிக்காததை நான் செய்தால் அதற்கு டாக்டர் வைத்த பெயரையே வைத்துவிடுகிறீர்கள். அப்படியென்றால் நான் எப்போதுதான் குணமாவது? நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற நாளிலா? அந்த வகுப்பை நான் மாடு வாங்குகிற சந்தையிலேயே படித்துக்கொள்ளலாம்.

பெரியாயி அக்காவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "செருப்பில்லாம சேத்துல சறுக்கிட்டேன் புள்ள. நூறு வருஷமா அந்த வளைவுல எல்லாரும் சறுக்குறோம். ஒங்கக்கா என்னாத்துக்கு ஒன்னச் சொல்றா" என்றார். இதை உங்கள் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று டினுவிடம் சொல்லியிருந்தேன். நான் சொன்ன சொல்லைத் தவற வைத்தது நீங்கள். அதை அவளிடம் என்னவென்று சொன்னீர்கள்?

யசோதினி


குருவிமலைத் தோட்டம்.
02.06.2024

யசோ,

"நீங்கள்" என்று எழுதிவிட்டாய். ஒரே கடிதத்தில் என்னைத் தொரைசாணி ஆக்கிவிட்டாய். "அவர்கள்" வேறு. வாசித்துவிட்டு, சரிதான் போடி என்று அடுப்பில் போடப் போனேன். போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டாய். அம்மாவுக்கு வேலை என்று சொன்னேன். "பொய்" என்றாள். நாலு வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது, அதைக் கேள். இத்தனை வருஷமாக நான் உன்னிடம் ஒரு தடவை வாய்விட்டுக் கோபப்பட்டிருக்கிறேனா? உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதற்குக்கூட உன் முகம் பார்த்திருக்கிறேன். நீ கத்துவாய், நான் கேட்பேன். நீ கதவைச் சாத்துவாய், நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன், உள்ளே சத்தம் இருக்கிறதா என்று. உனக்கு வகுப்பு இருக்கிறது, மிஸ் இருக்கிறார், வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா? பக்கத்து வீட்டுக் காம்பராவில் அக்காளும் தங்கச்சியும் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டுச் சாயந்திரம் ஒன்றாகக் கொழுந்துச் சாக்குத் தூக்கி வருகிறார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பொறாமை. போன மாதம் எழுதிய கடிதம்தான் நான் உன்னைத் திட்டிய முதல் கடிதம். திட்டிவிட்டு உன் பதில் வரும்வரை நான் சாப்பிடவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான். லரீபாவுக்குப் போன் போட்டுப் போட்டு அவளுக்கே சலித்துவிட்டது.

இனி, எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதுகிறேன்.

கோயிலில் போன வாரம் பரிகாரப் பூசை செய்து முடித்தார்கள். பெரியாயி அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்து, நீ பார்க்க வந்ததை எல்லோருக்கும் சொன்னார். பேச்சு அடங்கிவிட்டது. உன் மச்சானும் இறங்கி வந்துவிட்டார். "ஆத்தாளே வுட்டுட்டா, நீ என்னாத்துக்குப் புடிச்சிக்கிட்டு இருக்க? அது நல்லாத்தான் நடந்துக்கிச்சு. புள்ளய அனுப்பு" என்றார்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பதுளையில டெங்கு" என்று வந்தது. அவர் பார்த்தார். "அதோட ரூம் சின்னது" என்றேன். "கடையில நின்னா புள்ளய யாரு பாக்குறது" என்றேன். அவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன், யசோ. யாரும் கேட்காதபோதும் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிள்ளை தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். டினுவுக்குப் பல் முளைத்தது என் மடியில். காய்ச்சல் வந்தால் என் சேலையைத்தான் கேட்பாள். எனக்கு அவளைக் கொடுக்க மனசில்லை. உன் வியாதி, காப்பு, கமிட்டி எல்லாம் அப்புறம். மனசில்லை, அவ்வளவுதான். நீ குணமாக வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே, நீ குணமானால் இவள் போய்விடுவாளே என்று பயந்துகொண்டும் இருந்திருக்கிறேன். இதற்கு உன் மிஸ் என்ன பெயர் வைப்பாரோ தெரியாது.

இதை வாசித்துவிட்டு நீ ஏதாவது செய்துகொண்டால் என்று இப்போதும் பேனா நிற்கிறது. இந்தப் பயத்தோடு எழுதி எழுதி எனக்குச் சலித்துவிட்டது. அதனால் போடுகிறேன். வருவது வரட்டும்.

லெச்சுமி


பதுளை.
13.06.2024

அக்கா,

உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். முதலாவதில் நீ வாசித்தால் மறக்க முடியாத வார்த்தைகள் இருந்தன. இரண்டாவதில் நீயே டினுவை வைத்துக்கொள், நான் எங்கேயாவது போகிறேன் என்று இருந்தது. அது அதைவிட மோசம். அப்படி எழுதினால் நீ அழுது, ஓடி வந்து, என் காலைப் பிடித்து, டினுவைக் கொடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்த வழி எனக்கு நன்றாகப் பழக்கம். அதனால்தான் கிழித்தேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. இறங்கவில்லை. நீ என் வியாதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். ஒவ்வொரு தடவையும் "முதலில் குணமாகு" என்று சொன்னபோது, எனக்குள்தான் ஏதோ அழுகியிருக்கிறது, அதனால்தான் பெற்ற பிள்ளை என்னிடம் வரக் கூடாது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையோடு எத்தனை செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? இதை நீ செய்திருக்கக் கூடாது. இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

உன் கடிதத்தை றஷீதா மிஸ்ஸிடம் காட்டவில்லை. அது நம் இரண்டு பேருக்குள் உள்ளது. எனக்குக் கோபம் வந்திருக்கிறது, நியாயமான கோபமா என்று மட்டும் கேட்டேன். "நியாயமான கோபம் ஒங்களுக்கும் வரலாம்தானே" என்றார். கடைக்கு வந்து சேலை மடிக்கும்போது அழுகை வந்தது. முதலாளி பார்த்தார், நான் நிறுத்தவில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. அவள் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நீ உட்கார்ந்து காரணம் தேடினாயே, அந்தப் பயத்தை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், எனக்கு அது அடி நுனி தெரியும். அந்தப் பயத்தில் மனுஷர் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்கிறவரையே நோகடிப்பார்கள். நீ எத்தனை வருஷம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாய். இப்போது நீ கதவுக்கு உள்ளே இருக்கிறாய் போல. நான் வெளியே உட்காரத் தயார், அக்கா. ஆனால் டினுவை உன்னிடமே விட்டுவிட்டு உட்கார முடியாது.

இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். டினுவைக் கூட்டிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். லரீபா அந்த இரண்டு நாளும் என்னோடு இருப்பாள். மிஸ்ஸும் டாக்டரும் சரி என்றார்கள். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை. ஒரேயடியாகப் பிடுங்கி எடுத்தால் அவளுக்கு வலிக்கும், உனக்கும் வலிக்கும். ஜனவரியில் அவள் என்னிடம் வருவாள். நீ கொடுத்த வாக்கை நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். லீவுக்கெல்லாம் உன்னிடம் வருவாள், காய்ச்சல் வந்தால் நீதான் வர வேண்டும். உன் சேலையை நான் எங்கே தேடுவது?

நான் வரும்போது உனக்கு மனசு கொதிக்கும். சிரித்துக்கொண்டு அவள் உடுப்பை மடித்துத் தராதே. எனக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளாதே. பக்கத்துக் காம்பராக்காரர்கள் போல வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல், பிள்ளையைப் பிரிக்கிறாள் பாவி என்று. எனக்கு எரியும், நான் பதிலுக்குக் கத்தினாலும் கத்துவேன். ஆனால் நான் செத்துப்போக மாட்டேன், அக்கா. தைரியமாகத் திட்டு.

யசோ